பத்தாயிரத்துக்குள் ஒரு கிட்டார்: கடையில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

நான் முதலில் வாங்கிய கிட்டாரின் விலை 2,800 ரூபாய். சிவப்பும் கறுப்புமாகப் பளபளவென்று இருந்தது. கடைக்காரர் இரண்டு காட் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது) வாசித்துக் காட்டினார்; கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். விரல் நுனி கன்றிப்போனதுதான் மிச்சம். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துக் கம்பிகளை மொத்தமாக அழுத்த வேண்டிய எஃப் காட் வரவே இல்லை. நம் விரலுக்கு அவ்வளவுதான் வலு என்று முடிவுகட்டி, அதைப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அதை எடுத்து ஒரு தடவை மீட்டியவர், “இதுல யாருப்பா வாசிக்க முடியும்? கம்பி, துணி காயப்போடுற கொடி மாதிரில்ல நிக்குது” என்றார். உப்புத்தாள் வாங்கிவரச் சொல்லி, கீழே கம்பிகள் தாங்கி நிற்கும் வெள்ளைப் பட்டையைக் கழற்றித் தேய்த்தார். புதுக் கம்பி மாட்டினார். அதே கிட்டார், அதே விரல்கள். அந்த வாரமே எஃப் வந்துவிட்டது. சுத்தமாக வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வந்துவிட்டது.

அதனால் கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் ஒலியைப் பார்த்துக் கிட்டார் வாங்க வேண்டாம், விரலுக்கு எது சுலபமோ அதை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. இந்த விலையில் ஒலியில் இருக்கும் வித்தியாசத்தை முதல் வருடம் உங்கள் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. கம்பியின் உயரத்தில் இருக்கும் வித்தியாசத்தை உங்கள் விரல் முதல் நாளே கண்டுகொள்ளும்.

பணத்தை முதலில் பிரித்து வையுங்கள்

10,000 ரூபாய் இருக்கிறது என்றால் 10,000 ரூபாய்க் கிட்டாரைத் தேடாதீர்கள். 8,000 அல்லது 8,500 ரூபாயோடு கிட்டாரை முடித்துக்கொண்டு மீதியைக் கையில் வைத்திருங்கள். அந்த மீதி எதற்கு? கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கம்பி உயரத்தைச் சரிசெய்ய ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை ஆகும். இந்த வேலைக்கு ‘செட்டப்’ என்று பெயர். நல்ல கம்பி ஒரு செட் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். சுருதி சேர்க்கக் கைப்பேசியிலேயே கிட்டார்டூனா போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன. அதற்குத் தனியாகச் செலவு வேண்டாம். வகுப்பில் நாலு பேரோடு உட்கார்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் டியூனர் வாங்கிக்கொள்ளலாம். சுற்றிலும் சத்தம் இருந்தாலும் அது மரத்தின் அதிர்வை வைத்தே சுருதி காட்டும்.

5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றாலும் கணக்கு இதேதான். 4,000 ரூபாய்க் கிட்டாரை 1,000 ரூபாய்க்குச் சரிசெய்து வாசிப்பது, 5,000 ரூபாய்க் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாசிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்டீல் கம்பியா, நைலான் கம்பியா

சினிமாப் பாட்டுக்குக் காட் பிடித்துப் பாட வேண்டும், தேவாலயத்தில் வாசிக்க வேண்டும், நண்பர்களோடு உட்கார்ந்து மீட்ட வேண்டும் என்றால் ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார். விரலால் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து வாசிக்கும் பாணி பிடிக்கும், அல்லது வாங்குவது சின்னப் பிள்ளைக்கு என்றால் நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார். நைலான் விரலை அறுக்காது. ஆனால் அதன் கழுத்து அகலம். ஸ்டீல் கிட்டாரில் கழுத்தின் மேல்முனை ஏறக்குறைய 43 மில்லிமீட்டர் இருக்கும், கிளாசிக்கலில் 52. ஒன்பது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குட்டைக் கை உள்ளவர்கள் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நைலான் கிட்டாரில் ‘சத்தம் நல்லா வரும்’ என்று ஸ்டீல் கம்பி மாட்டிவிடாதீர்கள். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். ஸ்டீல் கம்பிகள் 60, 70 கிலோ வரை போகும். சில மாதங்களில் பிரிட்ஜ், அதாவது கம்பிகளைக் கீழே பிடித்திருக்கும் மரக்கட்டை, பெயர்ந்து கையோடு வந்துவிடும். நைலான் கிட்டாரில் ஸ்டீல் மாட்டி விற்கும் கடைகளையே பார்த்திருக்கிறேன்.

எலக்ட்ரிக் கிட்டார் ஆசை இருந்தால் இந்தப் பணத்தில் கொஞ்சம் இழுபறிதான். கிட்டார் மட்டும் வாங்கினால் போதாது. ஆம்ப்ளிஃபையர், வயர் என்று செலவு கூடிக்கொண்டே போகும். ஆனால் அதில் கம்பி மெல்லியது, விரலுக்கு மிகச் சுலபம். ஹெட்போனில் கேட்கும்படியான சின்ன ஆம்ப் ஒன்றோடு சமாளிக்க முடிந்தால் சரி, இல்லையென்றால் அடுத்த வருடத்துக்குப் பணம் சேருங்கள்.

அளவு

கடைகளில் அங்குலக் கணக்கில் சொல்வார்கள். 41 அங்குலம் என்றால் ட்ரெட்நாட் என்கிற பெரிய உடம்புக் கிட்டார். அந்தக் காலத்தில் ஆளையே அசத்திய ட்ரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள், கப்பல் மாதிரியே அகலம். குள்ளமாக இருப்பவர்களுக்கு வலது தோள் தூக்கிக்கொண்டு வலிக்கும். அவர்களுக்கு 38, 39 அங்குலம் வசதி. பத்து வயதுப் பிள்ளைக்கு 34 அல்லது 36 போதும். ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று சட்டை வாங்குவது போலப் பெரிதாக வாங்கினால், பிள்ளை வளர்வதற்குள் ஆசை போய்விடும்.

கடையில் பத்து நிமிடம்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் யாரும் செய்யலாம். தேவையானது ஐந்து பிளாஸ்டிக் கார்டுகளும் ஒரு தாளும் கைப்பேசியில் ஒரு டியூனர் செயலியும் மட்டும்.

முதலில் கிட்டாரைச் சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். சுருதி இறங்கிக் கிடந்தால் கம்பி தொய்ந்து, கீழ்ச் சோதனைகள் எல்லாம் பொய் சொல்லும்.

கம்பியின் உயரம். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். தலைப்பக்கத்திலிருந்து பன்னிரண்டாவதை எண்ணிக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் அங்கே இரண்டு புள்ளி இருக்கும். மிகத் தடித்த கம்பிக்கும் அந்தப் பட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஏடிஎம் கார்டு, பான் கார்டு எல்லாம் ஒரே கனம்தான், 0.76 மில்லிமீட்டர். எழுத்து புடைக்காத கார்டுகளாக எடுத்து, அடுக்கி, ஓரமாக நுழையுங்கள். மூன்று கார்டு கம்பியை லேசாகத் தொட்டபடி போனால் பிரமாதம். நாலு போனால் சரி, செட்டப்பில் இறக்கிக்கொள்ளலாம். ஐந்து கார்டு தாராளமாகப் போனால் அடுத்த சோதனையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த அடுத்த சோதனையைத்தான் பலரும் பார்ப்பதில்லை. உடம்பில் ஒட்டியிருக்கும் மரக்கட்டை பிரிட்ஜ். அதன் மேல் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டை சேடில். கம்பியை இறக்குவது என்றால் இந்தச் சேடிலின் அடியைத் தேய்ப்பதுதான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டாவது ஃப்ரெட் இருப்பது கம்பியின் சரிபாதியில். ஆகவே சேடில் மரத்துக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து மில்லிமீட்டர் நீட்டியிருந்தால், கம்பி உயரமாக இருந்தாலும் கவலையில்லை, தேய்க்க இடம் இருக்கிறது. சேடில் ஏற்கெனவே மரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, கம்பியோ கொடி மாதிரி நிற்கிறது என்றால் கழுத்து ஒட்டிய கோணமே தப்பு. அதைச் சரிசெய்யும் கூலி கிட்டார் விலையைத் தாண்டும். வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள், அரைவிலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

கழுத்து நேராக இருக்கிறதா. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் பதினாலாவது ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். இழுத்துப் பிடித்த கம்பி அளவுகோல் போல நேராக நிற்கும். நடுவில் ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி தெரிந்தால் போதும். நிறையத் தெரிந்தால் கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது. துளியும் இல்லை என்றால் பின்பக்கம் வளைந்திருக்கலாம். உள்ளே டிரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பி இருந்தால் ஆலன் சாவி என்ற அறுகோணச் சாவியால் இதைச் சரிசெய்யலாம். இருக்கிறதா என்று கேட்டு, சாவி நுழையும் துளையைக் காட்டச் சொல்லுங்கள். வாயால் ‘இருக்கு சார்’ என்றால் போதாது.

சுருதி கடைசிவரை நிற்கிறதா. ஒரு கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டுங்கள், டியூனரில் பாருங்கள். அப்புறம் அதே கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும், டியூனர் முள்ளும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினால் பரவாயில்லை. நன்றாக விலகி நின்றால் அந்தக் கிட்டாரில் கீழே சுருதி சேர்த்தால் மேலே அபஸ்வரம் பேசும். நீங்கள் எவ்வளவு சாதகம் செய்தாலும் அது தீராது. கம்பி மிக உயரமாக இருந்தாலும் இந்தக் கோளாறு வரும், அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறுவதால். ஆறு கம்பியிலும் பாருங்கள்.

அடிப்பகுதியில் ஒரு உலோகத் தகட்டில் கம்பிகளைக் கோர்த்து, பிரிட்ஜை ஒட்டாமல் சும்மா நிறுத்திவைத்த கிட்டார்களும் நம் ஊர்க் கடைகளில் உண்டு. விலை குறைவு. அந்தப் பிரிட்ஜ் அரை அங்குலம் நகர்ந்தாலும் சுருதி மொத்தமும் போச்சு. பழகியவர்கள் நகர்த்தி வைத்துக்கொள்வார்கள். முதல் கிட்டாராக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இனி மீதியைச் சட்டென்று பார்த்துவிடலாம். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே போங்கள். ‘ர்ர்ர்’ என்று இரைந்தாலோ, ஒலி செத்து விழுந்தாலோ அந்த ஃப்ரெட் மேடு பள்ளமாக இருக்கிறது. கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறினால் வேறு ஒன்றைக் கேளுங்கள். சுருதி முறுக்கும் சாவிகள் ஆறையும் திருகிப் பாருங்கள். ஒன்று தளர்வாகவும் ஒன்று இறுக்கமாகவும் இருந்தால் சுருதி நிற்காது. பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கடைசியாக ஒன்று. ஒரே மாடலில் மூன்று கிட்டார் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளித்தால் சுளிக்கட்டும். விலை குறைந்த கிட்டார்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இருக்கும் வித்தியாசம் சில சமயம் இரண்டு கம்பெனிகளுக்கு இடையே இருப்பதைவிட அதிகம்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்

பக்கவாட்டில் டியூனரும் ஒலி கூட்டும் குமிழும் பதித்த ‘செமி அக்கூஸ்டிக்’ என்று ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். மேடை ஏறும் வரை அது உங்களுக்கு வேண்டாம். மேடை ஏறும்போது கிட்டாரையே மாற்றிவிடுவீர்கள். உடம்பில் ஒரு பக்கம் வெட்டிய ‘கட்அவே’ பார்க்க அழகு. ஆனால் பதினாலாவது ஃப்ரெட்டுக்கு மேலே உங்களுக்கு இப்போதைக்கு வேலை இல்லை. பை, பெல்ட், கம்பி மீட்டும் சின்னத் தகடான பிக் மூன்று, ஒரு செட் கம்பி எல்லாம் சேர்த்து ‘காம்போ’ என்று தருவதில் அந்தக் கம்பி பெரும்பாலும் வெறும் கணக்குக்குத்தான். பேரம் பேசுவதென்றால் பை வேண்டாம், அதற்குப் பதில் செட்டப் செய்து கொடுங்கள் என்று கேளுங்கள்.

மேல்பலகை முழுமரமா, பிளைவுட் போல ஒட்டியதா என்பது அடுத்த கேள்வி. ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழுமரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப் பலகை. முழுமரம் நன்றாக ஒலிக்கும், வயதாக ஆக இன்னும் நன்றாக ஒலிக்கும். ஆனால் விலை பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் சிணுங்கும். முதல் கிட்டாருக்கு ஒட்டுப் பலகையே போதும். அக்னி நட்சத்திரத்தையும் ஐப்பசி மழையையும் அது பொறுத்துக்கொள்ளும்.

சரி, எந்த மாடல்?

யமஹாவின் எஃப்280, எஃப்310 இரண்டும் பல வருடமாக மாஸ்டர்கள் கைகாட்டும் ஸ்டீல் கிட்டார்கள். நைலானில் சி40. பார்க்க ஒரு கவர்ச்சியும் கிடையாது. ஆனால் கழுத்து நேராக இருக்கும், சுருதி நிற்கும், விற்கப்போனால் உடனே ஆள் கிடைக்கும். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். பட்ஜெட்டுக்குள் எது நிற்கிறதோ அதை எடுங்கள். அதற்குக் கீழே காடென்ஸ், வால்ட், ஹென்ரிக்ஸ், ஜுவாரெஸ் என்று நிறையப் பெயர்கள் உண்டு. அங்கே பெயரைவிட, மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனையை நம்புங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளுக்கு ஒரு நடை போய்வரலாம். 1842இலிருந்து இருக்கும் கடை அது. வாங்காவிட்டாலும் பத்து கிட்டாரைக் கையில் பிடித்துப் பார்த்த அனுபவம் கிடைக்கும். அதன் பிறகு எந்த ஊரில் வாங்கினாலும் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.

பழைய கிட்டார்

என்னைக் கேட்டால் இந்தப் பட்ஜெட்டுக்கு இதுதான் முதல் தேர்வு. கிட்டார் வாங்கும் பலர் ஆறே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள், நான் விட்டதைப் போலவே. அவர்கள் வீட்டுப் பரணில் புத்தம் புதிய கிட்டார்கள் தூங்குகின்றன. ஓஎல்எக்ஸில் பாருங்கள், இசை வகுப்புகளில் விசாரியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுதிகள் காலியாகும்போது கடைசி வருடப் பிள்ளைகள் ஊருக்குத் தூக்கிப்போக மனமில்லாமல் பாதி விலைக்குக் கொடுப்பார்கள்.

போகும்போது கார்டுகளை மறக்காதீர்கள். பழையதில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை: தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் விரிசலோ பசை தடவிய தடமோ இருக்கிறதா, பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ளியிருக்கிறதா, முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்கிறதா. கீறல், சாயம் போனது, ஸ்டிக்கர் ஒட்டிய தழும்பு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. பார்க்க அசிங்கமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க அதுவே சாக்கு. துருப்பிடித்த கம்பியைப் பார்த்தும் பயப்படாதீர்கள், எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

இணையத்தில் வாங்கினால்

கையில் பிடித்துப் பார்க்க முடியாது என்பதால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பார்சல் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள். அன்றே சுருதி சேர்த்து, எல்லாச் சோதனைகளையும் வீட்டிலேயே செய்யுங்கள். பையில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று விட்டால் திருப்பி அனுப்பும் கெடு போய்விடும்.

வாங்கிய பிறகு

நேரே பழுது பார்ப்பவரிடம் போங்கள். யார் என்று தெரியாவிட்டால் பக்கத்துத் தேவாலயத்தில் வாசிப்பவரையோ மெல்லிசைக் குழுவில் இருப்பவரையோ கேளுங்கள், ஊருக்கு ஒருவர் இருப்பார். “காட் பிடிக்கத்தான் போறேன், விரல் வலிக்காத மாதிரி இறக்கிக் குடுங்கண்ணே” என்றால் அவருக்குப் புரிந்துவிடும். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் ‘நட்’ என்ற பட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். எஃப் காட் வராமல் போவதற்குப் பல நேரம் உயரமான நட்தான் காரணம். சோதிக்க ஒரு வழி: கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் கனம்தான் இடைவெளி தெரிய வேண்டும்.

ஸ்டீல் கிட்டாருக்குக் கம்பி வாங்கும்போது ‘பத்து நம்பர் செட்’ என்று கேளுங்கள். முதல் கம்பி 0.010 அங்குலக் கனம் என்று பொருள். பன்னிரண்டு நம்பரில் சத்தம் கணீரென்று வரும், ஆனால் ஆரம்பத்தில் விரல் தாங்காது. நைலானுக்கு ‘நார்மல் டென்ஷன்’ என்று கேட்டால் போதும். புதுக் கம்பி மாட்டிய முதல் இரண்டு மூன்று நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நைலான் ஒரு வாரம்கூட எடுக்கும். கிட்டார் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், கம்பி இழுபட்டு நிலைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்து வையுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இதைச் செய்யாவிட்டால் ஒரே மாதத்தில் கம்பி சொரசொரவென்று துருவேறிவிடும். பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள், பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசை இளகும். முதல் மழைக்காலம் முடிந்ததும் கார்டுகளை எடுத்து உயரத்தை இன்னொரு தடவை அளந்து பாருங்கள். ஈரத்தில் மரம் உப்பிக் கம்பி கொஞ்சம் மேலே ஏறியிருந்தால், அதே அண்ணனிடம் மறுபடி ஒரு நடை.